சமுதாய வானொலியில் கர்ப்பிணிகளுக்கான 13 வாரத் தொடர்: எப்படி அமைப்பது?

நெய்தல்90:
வணக்கம். எங்களுடையது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 50 வாட் டிரான்ஸ்மிட்டர் உள்ள சமுதாய வானொலி. சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கேட்கும். முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் இளம்பெண்களுக்காக வாரம் ஒரு நிகழ்ச்சி போடத் திட்டம். இப்போது இருப்பவை அரைமணி நேர டாக்டர் பேட்டிகள்தான், கேட்பவர் குறைவு. ஒரு நிகழ்ச்சியில் எவ்வளவு சொல்லலாம்? நேயர் அழைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

செம்பருத்தி:
அரைமணி நேரம் கூடப் பெரிய குறை இல்லை. அதற்குள் எட்டுப் பத்து விஷயத்தைத் திணிப்பதுதான் குறை. 12 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரே ஒரு காரியத்தைப் பேசுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையையே எடுப்போம். "தவறாமல் போடுங்கள்" என்று சொல்லாத நிகழ்ச்சி இல்லை. மாத்திரை அட்டை வீட்டில்தான் இருக்கும், பிரிக்காமலே. குமட்டுகிறது, மலச்சிக்கல், வெளிக்கி கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நிகழ்ச்சியை அந்தப் பயத்திலிருந்தே தொடங்குங்கள். உடம்பில் சேராமல் வெளியேறும் இரும்புதான் அந்தக் கறுப்புக்குக் காரணம். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் தள்ளி. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். 12 நிமிடத்துக்கு இதுவே நிறைய.

தாய்சேய்_அட்டை:
சொற்களில் கவனம் வையுங்கள். "உயர் ரத்த அழுத்தத்தின் அறிகுறிகள்" என்றால் காதில் நிற்காது. "மெட்டி இறுகுது, வளையல் கழல மாட்டேங்குது, முகம் உப்பியிருக்கு, தலைவலி விடாம இருக்கு, கண்ணு முன்னால பூச்சி பறக்குது" என்று ஒரு பெண்குரல் சொல்லட்டும். "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று மாமியார் குரல் குறுக்கிடட்டும். ஐந்து மாதத்துக்கு மேல் கை, முகம் வீங்கி இப்படித் தலைவலியும் இருந்தால் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 தொட்டாலே ஆபத்து. வலிப்பு வந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர்ப்போராட்டம். ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, பிள்ளை அசைவு குறைவது எதுவானாலும் காத்திருக்காமல் 108. எழுத்துப்படியை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஒலிப்பதிவு.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுவாள், உங்கள் 10 கிலோமீட்டருக்கு வெளியே. அபாய அறிகுறிகளையும் பிரசவ ஏற்பாட்டையும் தொடரின் கடைசியில் வைத்தால் அவள் காதில் விழாது. மாத வரிசையும் உதவாது; முதல் வாரம் கேட்பவள் ஆறாம் மாதத்தில் இருக்கலாம். ஒவ்வொன்றும் தனித்து நிற்கட்டும், 13 முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுங்கள். ஒலிக்கோப்பை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்) தாய்சேய் நல அட்டையும் பையில் இருக்க வேண்டும் என்பதை எல்லா நிகழ்ச்சியிலும் சொல்லலாம்.

அலைவரிசை:
எஃப்எம் வசதியுள்ள போன்களில் பெரும்பாலும் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. அதை மாட்டிக் கேட்டால் அவளுக்கு மட்டும் கேட்கும். முடிவெடுக்கும் மாமியாருக்கும் கணவருக்கும் எட்டாது. அதனால் பென்டிரைவில் ஏற்றி அங்கன்வாடியில், கர்ப்பிணிகள் வரும் நாளில், ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். கேட்டு முடித்ததும் "என்ன செய்யச் சொன்னாங்க?" என்று நாலு பேரிடம் கேளுங்கள். நாலு விதமாகச் சொன்னால் நிகழ்ச்சியைத் திருத்த வேண்டும்.

ஒலிப்பதிவின்போது ஃபேனை நிறுத்துங்கள், மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். நேருக்கு நேர் வைத்தால் "பிரசவம்", "பனிக்குடம்" எல்லாம் பொத்துப் பொத்தென்று வெடிக்கும்.

அழைப்பை நேரலையில் விடாதீர்கள், பதிந்து வெட்டிப் போடுங்கள். பெயர், ஊர் வேண்டாம். அழைப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால் குரலைக்கூட ஒலிபரப்பாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அடையாளம் வெளியே வரக் கூடாது. வயிறு கூராக இருந்தால் ஆணா என்ற பேச்சை அறிவிப்பாளர் விளையாட்டுக்குக்கூட எடுக்கக் கூடாது. ரத்தப்போக்கு என்று யாராவது அழைத்தால் பேட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிட வைக்க வேண்டும்.

நெய்தல்90:
நன்றி. அப்படியானால் டாக்டர் பேட்டியை விட்டுவிடலாமா?

செம்பருத்தி:
வேண்டாம், இரண்டு நிமிடமாகச் சுருக்குங்கள். "டீயோட சேர்த்துப் போட்டா என்ன ஆகும் டாக்டர்?" மாதிரி ஒரே கேள்வி. அந்தக் கேள்வியை அறிவிப்பாளர் கேட்க வேண்டாம். அங்கன்வாடியில் ஒரு பெண் கேட்டதை, அவள் சம்மதத்தோடு, அவள் குரலிலேயே போடுங்கள்.