பழைய காரை ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதா, வெளியே விற்பதா?

நாலுசக்கரம்:
வணக்கம். புதுக் கார் முடிவாகிவிட்டது, பழையதை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். ஏழு வருடமான பெட்ரோல் ஹேட்ச்பேக், 68,000 கி.மீ., ஒரே ஓனர், சர்வீஸ் பில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. குறைகள்: இடது பின்கதவில் நீளமாக ஒரு கீறல், முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, இன்ஜின் லைட் அவ்வப்போது எரிந்து தானாக அணைகிறது. வங்கிக் கடனில் சில தவணைகள் பாக்கி.

பணக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இப்படிச் சொல்கிறேன். இதே மாடல், இதே வருடம் விளம்பரங்களில் கேட்கும் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், ஷோரூமில் என் காருக்கு 80, அதற்குமேல் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 4, ஆக 84 தருகிறார்கள். 16-தானே வித்தியாசம், அலைச்சல் மிச்சம் என்று கொடுத்துவிடலாமா? வெளியே விற்றால் அந்த 16 முழுசாகக் கையில் நிற்குமா?

கணக்குப்பிள்ளை:
முதலில் அந்த 84 உண்மையான எண்தானா என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்சே இல்லாமல் புதுக் காரை மட்டும் வாங்கினால் எவ்வளவு தள்ளுபடி என்று எழுத்தில் வாங்கினீர்களா? பழைய காருக்குத் தாராளமாக விலை போட்டுவிட்டு, புதுக் காரின் தள்ளுபடியில் அதைப் பிடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். நீங்கள் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்ற கை வேலை செய்யும்.

இரண்டு கொட்டேஷன் கேளுங்கள், ஒன்று எக்ஸ்சேஞ்சோடு, இன்னொன்று இல்லாமல். இரண்டிலும் காப்பீடு, ஆக்சசரி, கையாளும் கட்டணம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடைசி வரியில் வரும் ‘நீங்கள் கட்ட வேண்டியது’ தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பழைய காருக்கு அவர்கள் உண்மையில் தரும் விலை.

இதோடு வரியையும் பாருங்கள். சில நாடுகளிலும் மாநிலங்களிலும் பழைய காரின் மதிப்பைக் கழித்த மிச்சத்துக்கு மட்டும்தான் விற்பனை வரி. அங்கே வரி 10 சதவீதம் என்றால், 80-க்கு எக்ஸ்சேஞ்ச் கொடுப்பவருக்கு வரியிலேயே 8 மிச்சம். வெளியே 88-க்கு விற்பதும் அதுவும் ஒன்றுதான். முழு விலைக்கும் வரி என்கிற இடத்தில் இந்தச் சலுகை கிடையாது. பலர் இதைப் பார்க்காமலே எது லாபம் என்று வாதம் செய்கிறார்கள்.

நாலுசக்கரம்:
கேட்டுவிட்டேன். எக்ஸ்சேஞ்சோடு புதுக் காருக்குத் தள்ளுபடி 2. எக்ஸ்சேஞ்ச் இல்லாவிட்டால் 10! வரி இங்கே முழு விலைக்கும்தான்.

கணக்குப்பிள்ளை:
அப்போது 84 + 2 = 86. இதில் எப்படியும் கிடைக்கிற 10-ஐக் கழித்தால் 76. உங்கள் காருக்கு அவர்கள் தரும் விலை 76, 84 இல்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் போடுவோம். விளம்பரத்தில் 100 என்பது கேட்கிற விலை, முடிகிற விலை இல்லை. பேரம் போய் 90 அளவில் நிற்கும் என்று வையுங்கள். கழுவி பாலிஷ் போட, விளம்பரத்துக்கு 1.5. சின்ன ரிப்பேருக்கு 1.5. விற்கும் வரை காப்பீடு, அந்த மாதங்களில் கார் இழக்கும் மதிப்பு எல்லாம் சேர்த்து 2. ஆக 85. வித்தியாசம் 9. இந்த 9-க்காக நான்கைந்து பேருக்குக் காரைக் காட்டி, பேரம் பேசி, பேப்பர் வேலை பார்க்கத் தயார் என்றால் வெளியே விற்கலாம்.

ஸ்பானர்_பாண்டி:
கணக்கெல்லாம் சரிதான் சார், ஆனால் அந்த இன்ஜின் லைட்டை யாரும் கண்டுகொள்ளவில்லையே. ரிப்பேர் 1.5 என்று எதை வைத்துப் போட்டீர்கள்? இந்தக் காரின் விலையே அந்த லைட்டில்தான் தொங்குகிறது. எரிகிற லைட்டோடு ஷோரூமுக்குப் போனால் மதிப்பீட்டாளர் இருப்பதிலேயே பெரிய செலவை, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாற்றும் செலவை, மனதில் வைத்துத்தான் கழிப்பார். வெளியே வாங்க வருபவரோ லைட்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்.

ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் கருவி) போட்டு கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் எண், என்ன என்று பார்த்து இங்கே போடுங்கள். அழித்துவிடாதீர்கள். கோடை அழித்தால் லைட் அணையும், ஆனால் காரின் சுயபரிசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ நிலைக்குப் போய்விடும். வாங்குபவர் தன் ஸ்கேனரைச் செருகினால், இப்போதுதான் அழித்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

நாலுசக்கரம்:
பி0301 என்று வருகிறது. வேறு கோடு இல்லை.

ஸ்பானர்_பாண்டி:
நல்லது. முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை. பி0420 வந்திருந்தால்தான் கன்வெர்ட்டர் பக்கம் போக வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) உள்ள கார் என்றால் பரிசோதனைக்குச் செலவே இல்லை. இன்ஜின் ஆறியதும் 1-ஆம் சிலிண்டர் காயிலையும் 2-ஆம் சிலிண்டர் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் கெட்டது; புதுசு ஒன்று போட்டால் முடிந்தது. பி0301-லேயே நின்றால் ஸ்பார்க் பிளக்குகளை இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். 68,000 கி.மீ. வரை பிளக்கே மாற்றவில்லை என்றால் நான்கையும் மாற்றிவிடுவது நல்லது, சாதா நிக்கல் பிளக் அவ்வளவு தூரம் உழைக்காது. அதற்கும் போகவில்லை என்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். கடைசியாக கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது.

கம்ப்ரஷனில் முதல் சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றை விட நன்றாகக் குறைந்திருந்தால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ, ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அந்த நிலையில் என் பேச்சு மாறும்: இன்ஜினைப் பிரிக்காதீர்கள், ரிப்போர்ட்டோடு ஷோரூமிலேயே காட்டிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பட்டறையில் ஆகும் செலவும் வெளியே உங்களுக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல.

லைட் எரிவது வேறு, மினுக்குவது வேறு. ஓடும்போது மினுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிவிடும். சின்ன செலவு பெரிய செலவாவது அங்கேதான்.

டிங்கர்_மணி:
கீறலுக்கு வருகிறேன். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கீறல் மேலே உள்ள நிறமில்லாத கிளியர் கோட் பூச்சோடு நிற்கிறது, ரப்பிங் காம்பவுண்டிலேயே பெரும்பகுதி மறையும். மாட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள், பெயின்ட் அடிக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். ஒரு கதவு மட்டும் 250, 300 என்று காட்டினால் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர் ‘இந்தக் கதவு ஏன் அடித்தார்கள்’ என்றுதான் கேட்பார். பட்டி போட்டிருந்தால் இன்னும் எகிறும். வெறும் கீறலுக்கு அடித்தது என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. கண்ணுக்குத் தெரியும் கீறல் யாரையும் பயமுறுத்தாது. விபத்து வண்டியோ என்ற சந்தேகம் விலையை வெட்டும்.

பணம் போட வேண்டிய இடம் வேறு. மங்கிய ஹெட்லைட்டை பாலிஷ் செய்யுங்கள், உள்ளே சீட்டும் மேட்டும் நன்றாகக் கழுவி வாடை போக்குங்கள், எரியாத பல்பு, கிழிந்த வைப்பர் மாற்றுங்கள். அவ்வளவுதான். இன்ஜின் பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பளபளப்பாக்க வேண்டாம். எண்ணெய்க் கசிவை மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ரிவர்ஸ்கியர்:
டயர் பற்றி மட்டும். பட்டன் ஆழம் (டயரின் மேல்பக்கப் பள்ளங்களின் ஆழம்) 1.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக்கூடாது, டெஸ்ட் டிரைவும் ஆபத்து. அதற்கு மேல் இருந்தால் புதுசு போடாதீர்கள். போட்ட காசு முழுதாகத் திரும்பாது. போட்டே ஆக வேண்டும் என்றாலும் இருப்பதிலேயே மலிவான பேர் தெரியாத பிராண்ட் வேண்டாம். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம்.

ஷோரூம், தனியார் என்று இரண்டு வழி மட்டும் இல்லை. பழைய கார் வாங்கி விற்கும் கடைகளும், ஆன்லைனில் விலை சொல்லி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று இடத்தில் விலை கேளுங்கள். யாராவது 82 தந்தால், 85-க்காக வெளியே அலைவது வீண். ஆன்லைனில் போட்டோ பார்த்துச் சொல்லும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், நேரில் சோதித்த பிறகு எழுதித் தரும் விலைதான் விலை. அது எத்தனை நாள் செல்லும் என்றும் கேளுங்கள். சில புதுக் கார் நிறுவனங்கள், பழைய காரை வெளியே விற்றதற்கான பெயர் மாற்றச் சான்றைக் காட்டினாலும் போனஸ் தருகின்றன. அந்த 4-ஐ இப்படிப் பெற முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

பேப்பர்வேலை:
எங்கே விற்றாலும் பிரச்சினை பின்னால் வருவது காகிதத்தில்தான்.

கடன் பாக்கி: வங்கியிடம் முடிப்புத் தொகைக் கடிதம் வாங்குங்கள். அதில் உள்ள தொகை குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும், பிறகு வட்டி கூடும். வாங்குபவர் அந்தத் தொகையை நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும், மீதியை உங்களுக்குத் தரட்டும். இருவரும் வங்கிக் கிளையிலேயே உட்கார்ந்து செய்தால் இரண்டு பக்கமும் பயமில்லை. கடன் தீர்ந்த சான்றும், ஆர்சியிலிருந்து கடன் பதிவு நீக்கமும் வராமல் பெயர் மாறாது. இதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஷோரூம் தானே அடைத்துக்கொள்கிறேன் என்றாலும், அடைத்த ரசீது கைக்கு வரும் வரை தவணையை நிறுத்தாதீர்கள்.

பணம்: மொபைலில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை. உங்கள் கணக்கில் வரவு தெரிந்தபின் சாவி. தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்றால் அந்தப் பேரத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கினால் எந்தத் தேதிக்குள் முழுப் பணம், வராவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று எழுதிக் கையெழுத்து.

டெலிவரிக் கடிதம்: தேதி மட்டும் போதாது, மணி, நிமிடமும் வேண்டும். ஓடோமீட்டர் அளவு, சேஸிஸ் எண், இருவர் அடையாள அட்டை நகல், இரண்டு பிரதி. அன்று மாலை அந்த வண்டி யாரையாவது இடித்தால் இந்தக் கடிதம்தான் உங்களைக் காப்பாற்றும். விற்றதைப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பெயர் மாறியது உறுதியாகும் வரை காப்பீட்டை ரத்து செய்ய வேண்டாம்.

ஷோரூமில் கொடுத்தால் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பது தப்பு. அடுத்த பார்ட்டி கிடைக்கும் வரை வண்டியை உங்கள் பெயரிலேயே நிறுத்தி வைக்க, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். வாங்குபவர் இடத்தில் ஷோரூமின் பெயரும் தேதியும் எழுதிய பிறகுதான் கையெழுத்து.

நாலுசக்கரம்:
காயில் மாற்றிப் பார்த்தேன், கோடு பி0302 ஆகிவிட்டது! புதுக் காயில் சொல்லியிருக்கிறேன். வெளியேதான் விற்கப் போகிறேன். டெஸ்ட் டிரைவுக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

ஸ்பானர்_பாண்டி:
அப்படியே பிளக் நான்கையும் மாற்றி, பில்லை ஃபைலில் சேருங்கள். மாற்றியபின் கோடை அழித்து, சில நாள் சாதாரணமாக ஓட்டி, சுயபரிசோதனைகள் எல்லாம் ‘தயார்’ என்று காட்டிய பிறகு விளம்பரம் போடுங்கள்.

வருபவருக்காக இன்ஜினை முன்கூட்டியே சூடாக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் பேனட்டைத் தொட்டுப் பார்ப்பார், குளிர்ந்த இன்ஜின் ஒரே செல்ஃபில் எடுப்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைப் போட்டோ எடுத்தபின் வண்டியைக் கொடுங்கள், அவர் பெயரில் இல்லாத வண்டியை அவர் ஓட்டினால் உங்கள் காப்பீடு செல்லுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். பக்கத்து சீட்டில் நீங்கள் இருக்க வேண்டும். சீட் மாறி உட்காரும்போது இன்ஜினை அணைத்து சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

பேப்பர்வேலை:
கொடுக்கும் நாளில் ஸ்டீரியோவில் உள்ள போன் நம்பர்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். காரின் மொபைல் ஆப் இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து வண்டியை நீக்குங்கள். சுங்கச்சாவடி டேக் ஒட்டியிருந்தால் கழற்றிக் கணக்கை மூடுங்கள், இல்லாவிட்டால் அவர் போகிற வழிக்கெல்லாம் நீங்கள் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள். நோ கிளெய்ம் போனஸ் (காப்பீட்டில் இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) சேர்ந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்று கேட்டு வாங்குங்கள், புதுக் காருக்குப் பயன்படும்.