கிளியூர் ஓடைப் பள்ளத்தாக்கு: ஜிபிஎஸ் உயரம் 90 மீட்டர் குறைகிறதே?

காப்பித்தோட்டம்:
வணக்கம். ஏற்காடு ஏரி வழிந்தோடும் ஓடையைத் தொடர்ந்து, கிளியூர் அருவிக்குக் கீழே வரை சமஉயரக்கோட்டு வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பதிந்த தடத்தைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால், ஏரிக்கரையிலேயே உயரம் டோப்போஷீட்டைவிட (அச்சிட்ட நில அளவை வரைபடம்) 90 மீட்டர் போலக் குறைகிறது. போன் கெட்டுவிட்டதா? இன்னொன்று, எஸ்ஆர்டிஎம் தரவில் (விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த நில உயரத் தரவு) கோடு போட்டால் அருவி விழும் இடமே தெரியவில்லை, சாதாரணச் சரிவு மாதிரி வருகிறது.

சேர்வராயன்வாசி:
போன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84 நீள்வட்டத்திலிருந்து, அதாவது பூமிக்கு ஈடாகக் கணக்கில் வைத்த வழவழப்பான வடிவத்திலிருந்து, அளந்த உயரம். டோப்போஷீட்டில் இருப்பது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. தென்னிந்தியாவில் ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் வரும் பரப்பு) அந்த நீள்வட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது, சேலம் பக்கம் ஏறக்குறைய 90 மீட்டர். இலங்கைக்குத் தெற்கே 100ஐயும் தாண்டும். அந்த வித்தியாசத்தைக் கூட்டுங்கள். ஆனால் சில செயலிகள் தாமே திருத்திவிடும், அதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இரண்டு முறை கூட்டினால் ஏரி மலையுச்சிக்குப் போய்விடும்!

கல்லும்கோடும்:
அருவி விஷயம் வேறு. எஸ்ஆர்டிஎம்மின் ஒரு கட்டம் 30 மீட்டர். அதைவிடக் குறுகிய பிளவில் விளிம்பும் அடியும் ஒரே கட்டத்தில் விழுந்து கலந்துவிடும். செங்குத்துப் பாறைகளுக்கு இடையில் ரேடார் அலை போய்ச் சேராத நிழலும் உண்டு. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது, நேரில் அளந்தால்தான் உண்டு. கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு அமெரிக்க வரைபடக்காரர் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன் 1971இல் தொடங்கிய வரைபடம் 1978இல்தான் வெளிவந்தது. விமானப் படங்கள் கையில் இருந்தும், ஹெலிகாப்டரில் போய்ப் பாறை முகடுகளில் இறங்கி, லேசர் கருவியால் தூரம் அளந்து புள்ளிகளை நிலைநிறுத்த வேண்டியிருந்தது. நமக்கு அருவித்தலையில் ஒன்று, அடியில் ஒன்று என்று நல்ல புள்ளிகள் போதும்.

காப்பித்தோட்டம்:
கூட்டிப் பார்த்தேன் அண்ணா, ஏரிக்கரை 3 மீட்டருக்குள் ஒட்டிவிட்டது! அருவி அடியில் மட்டும் ஒரே இடத்தில் நின்றாலும் 25 மீட்டர் முன்பின்னாக ஆடுகிறது.

சேர்வராயன்வாசி:
அங்கே வானம் ஒரு கீற்றுத்தானே தெரியும், சிக்னலும் பாறையில் பட்டுத் திரும்பி வரும். போனில் காற்றழுத்த சென்சார் இருந்தால் அதை நம்புங்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) மாறினால் உயரம் சுமார் 10 மீட்டர் மாறியதாகக் கணக்கு. ஏரிக்கரையில் அழுத்தத்தைக் குறித்துவிட்டு இறங்குங்கள், ஏறி வந்ததும் அங்கேயே மறுபடி குறியுங்கள். இடையில் வானிலை மாறியிருந்தால் அந்த வித்தியாசத்தை நேரப்படி பகிர்ந்து கழிக்கலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் இறங்காதீர்கள், பாறை வழுக்கும்.

காப்பித்தோட்டம்:
சென்சார் இருக்கிறது. ஞாயிறு காலை போய் அளந்துவிட்டு எண்களை இங்கேயே போடுகிறேன்.