ஸ்னோமொபைலில் 137 அங்குல டிராக்கை எடுத்துவிட்டு 154 போட்டால் செயின்கேஸைத் திறக்க வேண்டுமா, கிளட்ச் மட்டும் போதுமா?

பனிமலை154:
வணக்கம். கனடாவின் மலைப்பகுதியான ரெவல்ஸ்டோக்கில் இருக்கிறேன். என் 800 சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) 137 அங்குல டிராக்கை, அதாவது அடியில் சுழலும் ரப்பர் பட்டையைக் கழற்றி, அதைத் தாங்கும் ரெயிலை நீட்டி, பழைய 154 ஒன்றை வாங்கிப் போட்டேன். கிளட்ச்சிலிருந்து டிராக்குக்குச் செயினால் பலத்தைக் கடத்தும் செயின்கேஸில் கை வைக்கவில்லை. அதில் மேல் பல்சக்கரத்தில் 21 பல், கீழே 49. இப்போது போல்டர் மலையில் புதுப்பனியில் ஏறினால், திராட்டிலை முழுக்கப் பிடித்தாலும் 7,600 ஆர்பிஎம்முக்கு மேல் போவதில்லை. இன்ஜினின் முழுப் பலம் 8,000-இல். இரண்டு வாரத்தில் இரண்டு கிளட்ச் பெல்ட் போய்விட்டன. இரண்டாவது அறுந்தபோது மூடியைத் திறந்தேன்: கருகிய ரப்பர் வாடை, பிரைமரியை, அதாவது இன்ஜின் பக்கக் கிளட்ச்சைச் சுற்றி நூல் நூலாகச் சிக்கிக் கிடந்தது. கடையில் கேட்டால் பிரைமரியில் உள்ள வெயிட்டைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

ஏரிக்கரையான்:
கடையில் சொன்னது சரி. டிராக்கின் நீளத்துக்கும் கியர் விகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. டிரைவர், அதாவது டிராக்கை இழுக்கும் பல்சக்கரம், ஒரு சுற்று சுற்றினால் டிராக் எவ்வளவு நகரும்? பல் எண்ணிக்கையைப் பிட்ச்சால் (டிராக்கில் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி) பெருக்கினால் வருவதுதான். 137 ஆனாலும் 154 ஆனாலும் அதே தூரம். நீளத்தால் கூடுவது எடையும் உராய்வும் மட்டுமே. அந்தச் சுமைக்கு ஏற்ப மாறிக்கொள்ளத்தான் கிளட்ச் இருக்கிறது. செகண்டரியில், அதாவது டிராக் பக்கக் கிளட்ச்சில், உள்ள ஹீலிக்ஸ் என்ற சரிவுத் துண்டு சுமையை உணர்ந்து கியரைத் தானே இறக்கிக் கொடுக்கும். ஆர்பிஎம் குறைந்தால் பிரைமரி வெயிட்டில் இரண்டு மூன்று கிராம் எடுங்கள். ஒன்டாரியோவில் ஹாலிபர்ட்டன் பக்கம் நான் 129-ஐ 146 ஆக்கி நான்கு சீசன் ஓட்டிவிட்டேன். செயின்கேஸைத் திறந்ததே இல்லை, ஒரு பெல்ட் போனதில்லை.

சங்கிலிப்பெட்டி:
அண்ணா, ஹாலிபர்ட்டன் டிரெயில் வேறு, போல்டர் மலை வேறு. உங்கள் வண்டி இறுகிய பனியில் ஓடுகிறது, பெல்ட் பிரைமரியின் மேலே ஏறி உட்கார்ந்துவிடும். இவர் வண்டி இடுப்பளவு பனியில் ஏறுகிறது. என் மீட்டரில் அந்த மாதிரி ஏற்றத்தில் டிராக் வேகம் 60 கிலோமீட்டரில் நின்றுவிடும். கியர் உயரமாக, அதாவது அதிக வேகத்துக்கானதாக இருந்தால் பெல்ட் பிரைமரியின் அடியிலேயே, சின்ன வட்டத்தில் கிடந்து மாரடிக்கும். அங்கே கிளட்ச் தகட்டைப் பற்றும் பரப்பு குறைவு. வழுக்கும், சூடேறும், அறும்.

வெயிட்டைக் குறைப்பதில்தான் எனக்குப் பயம். பெல்ட்டை அழுத்திப் பிடிப்பதே அந்த வெயிட்தான். அதை எடுத்தால் மீட்டரில் 8,000 அழகாகக் காட்டும், பிடிமானம் இன்னும் தளரும். எண் சரி, பெல்ட் சாம்பல்.

ஏரிக்கரையான்:
மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வெயிட் குறைக்கத்தானே செய்கிறார்கள்? ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் இன்ஜின் பலம் போகிறது. தம்பி வண்டியில் இருப்பது சமவெளிக்கான வெயிட்டாக இருந்தால்?

பனிமலை154:
இல்லை அண்ணா. முன்பு வைத்திருந்தவரும் இதே மலையில் ஓட்டியவர். 137 டிராக்கில், இதே வெயிட்டில் 8,000 கச்சிதமாக வந்தது.

சங்கிலிப்பெட்டி:
உயரத்தில் இன்ஜின் பலமே குறைகிறது, அதற்கேற்பப் பிடிமானத்தையும் குறைக்கலாம். இங்கே பலம் அதேதான், சுமை கூடியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

ஒரு சோதனை சொல்கிறேன். வண்டியை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, பிரைமரித் தகட்டின் உள்முகத்தில் மையத்திலிருந்து விளிம்புவரை கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். பெல்ட்டை மாட்டி, ஏற்றத்தில் ஒருமுறை முழு திராட்டிலில் போய்விட்டு வந்து பாருங்கள். பெல்ட் ஏறிய இடம்வரை கோடு அழிந்திருக்கும். அப்படியே தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடிய வேண்டும்.

ஏரிக்கரையான்:
நல்ல சோதனை, செய்யுங்கள். கூடவே இன்னொன்று. 154-ஐப் போட்டபோது டிரைவரை மாற்றினீர்களா? புது டிராக்கின் பிட்ச் என்ன?

பனிமலை154:
கோடு ஒரு விரற்கடைகூட அழியவில்லை. தகட்டில் கை வைத்ததும் எடுத்துவிட்டேன், அப்படிச் சுட்டது.

டிரைவர் டிராக்கோடு சேர்ந்து வந்தது, ஷாஃப்டோடு மாற்றினேன். இப்போது டேப் வைத்து அளந்தேன்: பத்துப் பிட்ச்சுக்கு 28.6 அங்குலம். டிரைவரில் 8 பல். பழையதிலும் 8 பல்தான், பிட்ச் 2.52.

ஏரிக்கரையான்:
அகப்பட்டது! 8 பெருக்கல் 2.52 என்றால் சுற்றுக்கு 20.16 அங்குலம். 8 பெருக்கல் 2.86 என்றால் 22.88. பதின்மூன்றரை சதவீதம் கியர் உயர்ந்துவிட்டது. செயின்கேஸைத் தொடாமலே கியரை மாற்றிவிட்டீர்கள் தம்பி. 7 பல் டிரைவர் போட்டிருந்தால் 20.02, பழையபடியே இருந்திருக்கும்.

சங்கிலிப்பெட்டி:
கணக்கை முடித்துவிடுகிறேன். 8,000 ஆர்பிஎம்மில், இரண்டு கிளட்ச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்போது பழைய அமைப்பில் மணிக்கு 105 கிலோமீட்டர். இப்போது 120. பனியில் 60-க்கு மேல் போகாத வண்டிக்கு 120-க்கான கியர்! மேலே 19 பல் போட்டாலும் 108தான், பழைய நிலைக்கே வராது. 18 போடுங்கள், 102 வரும். மூன்று பல் குறைவதால் செயின் தளரும். செயினை இறுக்கும் டென்ஷனர் எட்டுகிறதா என்று பாருங்கள், எட்டாவிட்டால் குட்டைச் செயின்.

ஏரிக்கரையான்:
18-க்கு நானும் சம்மதம். ஆனால் காரணத்தைக் குழப்பாதீர்கள். கியரை மாற்றச் சொன்னது டிரைவர், நீளம் அல்ல. பிட்ச்சும் பல்லும் மாறாமல் நீளத்தை மட்டும் கூட்டுகிறவர் இதைப் படித்துவிட்டுச் செயின்கேஸைத் திறந்தால் வீண் செலவு.

சங்கிலிப்பெட்டி:
டிரெயிலுக்கு ஒப்புக்கொள்கிறேன். மலைக்கு மாட்டேன். டிரைவர் மாறாமல் 17 அங்குலம் மட்டும் கூடியிருந்தாலும் இவருக்கு 19 பல்தான் சொல்லியிருப்பேன். ஒன்டாரியோ டிரெயில்களில் பொதுவான வேக வரம்பே 50 கிலோமீட்டர், அங்கேகூட 105-க்கு யாருக்கு அவசரம்?

ஏரிக்கரையான்:
உறைந்த ஏரியைக் கடக்கிறவருக்கு வேண்டும். தாழ்ந்த கியரில் ஏரி முழுக்க இன்ஜின் கத்திக்கொண்டே போகும், பெட்ரோலும் குடிக்கும்.

பனிமலை154:
நேற்று 18 பல் போட்டேன். டென்ஷனர் எட்டவில்லை, இரண்டு கண்ணி குறைந்த செயின் வாங்க வேண்டியிருந்தது. வெயிட்டில் ஒரு கிராம்கூட எடுக்கவில்லை. அதே ஏற்றம், அதே மாதிரிப் பனி: 7,900. மார்க்கர் கோடு இரண்டு விரற்கடைக்கு மேல் அழிந்திருக்கிறது. இறங்கியதும் தகட்டில் கை வைத்தேன், சூடுதான், ஆனால் பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தது.

ஏரிக்கரையான்:
மிச்சமுள்ள 100 ஆர்பிஎம்தான் நீளத்தின் பங்கு. அதற்குத்தான் கிளட்ச். வெயிட்டில் ஒரு கிராம் எடுத்துப் பாருங்கள்.

சங்கிலிப்பெட்டி:
ஒரு கிராம் எடுங்கள், ஆட்சேபம் இல்லை. எடுத்தபின் கோட்டைப் புதிதாக இழுத்து, அதே ஏற்றத்தில் ஏறிப் பாருங்கள்.

பனிமலை154:
சனிக்கிழமை ஏறுகிறேன். மார்க்கரும் மாற்றுப் பெல்ட்டும் பையில் இருக்கும்.