கண்மாய்ப் படகு சீசன் முடிந்தது: உங்களால் மறக்க முடியாத ஒரு நிமிடம்

சுக்கான்:
தண்ணீர் வற்றி நம் டிராகன் படகைக் கரையேற்றியாயிற்று. (புதிதாகப் படிப்பவர்களுக்கு: பக்கத்துக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர் துழாவும் நீளப் படகு. முன்னால் முரசு அடிப்பவர், பின்னால் சுக்கான் பிடிக்கும் நான்.) புளியமரத்தடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். பெயருக்குப் பதில் படகில் உங்கள் இடத்தைப் போட்டு ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தக் கேரளப் பந்தயம் இன்னும் என் தூக்கத்தில் வருகிறது.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். 200 மீட்டர். பாதி தாண்டும்வரை நாம்தான் இரண்டாவது. அப்புறம் படகின் மூக்கு இடது பக்கம் போக ஆரம்பித்தது. வலப்பக்கக் காற்று என்று நினைத்து, என் எடை முழுவதையும் சுக்கானில் போட்டேன். திரும்பவில்லை. பக்கத்துப் படகின் கடைசி வரிசையில் இருந்த பையன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பயம். அந்த நொடியில் 'ஹோல்ட் வாட்டர்' என்று கத்தியிருந்தால் பத்துப் பேரும் துடுப்பை ஊன்றி நிறுத்தியிருப்பீர்கள். இரண்டாம் இடம் போய்விடுமே என்று இரண்டு மூச்சு தாமதித்தேன். துடுப்போடு துடுப்பு மோதியது, நம்மை நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரிதான். அந்தப் பையனிடம் போய் ஒரு வார்த்தை பேசாமல் வேனில் ஏறிவிட்டேன், அதுதான் உறுத்துகிறது.

முரசு:
அண்ணா, நீங்கள் எல்லாரும் பார்ப்பது முன்னால் இருப்பவரின் முதுகை. பத்து முகத்தையும் பார்ப்பவள் நான் ஒருத்திதான். நீங்கள் சத்தம் போடுவதற்கு முன்பே மூன்று பேருடைய கண் இடது பக்கம் போய்விட்டது. கண் போனால் துடுப்பும் பிசகும். எனவே எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என்னுடையது கார்த்திகை மாதத்து ஒரு காலை. தூறல். யானைமலை பாதி மறைந்திருந்தது. அதுவரை இரண்டு மாதமாக நம் படகில் பத்துத் துடுப்புக்குப் பத்துச் சத்தம். முரசுதான் வேகத்தை முடிவு செய்கிறது என்று வெளியில் நினைக்கிறார்கள். நான் முதல் வரிசை ஜோடியின் துடுப்பைப் பார்த்துத்தான் அடிக்கிறேன், அது பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. அன்றைக்குத் திடீரென்று என் அடியும் துடுப்பும் ஒன்றாக விழுந்தன. 'சளப்', ஒரே சத்தம். படகு தண்ணீரை விட்டு எழுந்ததுபோல இருந்தது. வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம்தான் நான் வளர்ந்தேன். தைப்பூசத்துக்குத் தெப்பம் இழுக்கும்போது வடம் ஒரு கட்டத்தில் லேசாகிவிடும் என்று அப்பா சொல்வார். இத்தனை வருடம் கரையில் நின்று பார்த்தும் எனக்கு அது புரிந்ததில்லை. அன்றைக்குப் புரிந்தது. எட்டு அடியோ ஒன்பது அடியோ, அவ்வளவுதான். அப்புறம் யாரோ இருமினார்கள், போய்விட்டது.

இடது 5:
காற்று காரணமில்லை. கடைசி வரிசையில் சுக்கானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான், என் முகத்தில் காற்றே படவில்லை. மூன்றாவது வரிசையில் அன்று காலை இரண்டு பேர் இடம் மாறினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நம்மிலேயே பலசாலி இடமிருந்து வலத்துக்குப் போனால் வலது பக்கம் உந்துதல் கூடும், மூக்கு இடது பக்கம்தானே போகும்? பந்தயத்தன்று இதைச் செய்யலாமா? எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். லைஃப் ஜாக்கெட். பயிற்சியில் பாதிப் பேர் அதை மடியில் வைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இங்கிருந்து மூன்று நான்கு மணி நேரத் தூரம். கண்மாய்தானே, இடுப்பளவுதானே என்று நினைக்காதீர்கள். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து தெரியாது, அடியில் சேறு காலைப் பிடிக்கும். மடை திறந்திருக்கும் நாளில் அந்தப் பக்கமே போகக்கூடாது, உள்ளே இழுக்கும். சீமைக்கருவேலத் தூர் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும், கவிழ்ந்தவன் அதில் விழுந்தால் வயிறு கிழியும். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் கதை, குளிரில் துடுப்பு தலையில் அடித்தால் எந்த நீச்சலும் வராது. வாரை இறுக்கிக் கட்டுங்கள். படகு கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அடுத்த சீசன் முதல் நாளிலேயே ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டும்.

இடது 3:
தம்பி, இடம் மாறியது என்னால்தான். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்கு 2021-இல் இடது மார்பில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூட என்னைத் தொட விடவில்லை, கை வீங்கிவிடும் என்று. 1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர் இதே நோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் உட்காரவைத்தார். கடுமையாகக் கையை உழைத்தால் வீங்கும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள், அவர்களில் யாருக்கும் அப்படி வீங்கவில்லை. இதைப் படித்துவிட்டு, என் டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் உங்களோடு சேர்ந்தேன். உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெதுவாகத் துழாவுங்கள் அக்கா என்பீர்கள், அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

வலது பக்கம் உட்கார்ந்தால் இடது கைதான் துடுப்பின் மேல்முனையைப் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் நெற்றிக்கு மேல் தூக்க வேண்டும். எனக்கு அது மூக்கு வரைக்கும்தான் ஏறும். நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டேன். பந்தயத்தன்று காலை, பக்கத்து சீட் தம்பி என் கையையே பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. "அக்கா, நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க, எனக்கு வலது பக்கம்தான் வசதி" என்று எழுந்து மாறி உட்கார்ந்தார். அவருக்கு வசதி இடது பக்கம்தான், சீசன் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

அந்த 200 மீட்டரில்தான் முதல் முறையாக வலி இல்லாமல் முழு அடி போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முரசுப் பாப்பா பார்த்திருக்கும். தோற்றதற்குக் காரணம் அந்த இடமாற்றம் என்றால், அது என்னைச் சேர்ந்தது.

வலது 3:
அக்கா, என் அம்மாவும் அப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

முரசு:
பார்த்தேன் அக்கா. தண்ணீர் தெறித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மடைக்கரை:
நான் படகில் ஏறியவன் இல்லை, கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவருக்கு மருமகன். டிசம்பரில் உங்கள் படகு எங்கள் வலையைக் கிழித்தது. நான் சண்டைக்குத்தான் வந்தேன். முழங்கால் சேற்றில் இறங்கி, கருக்கலாகும்வரை வலையைச் சிக்கெடுத்துக் கொடுத்தது இந்த அக்காதான் என்று இப்போதுதான் தெரிகிறது. இடது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் முடிச்சை அவிழ்த்தார்கள். என்னவோ நினைத்தேன், கேட்கவில்லை. பங்குனி கடைசியில் மீன்பிடித் திருவிழா வரும். மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடை எங்களிடம் இருக்கிறது, எல்லாரும் வாருங்கள்.

இடது 5:
அக்கா, கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் பற்றி எழுதியதை மட்டும் மாற்ற மாட்டேன்.

சுக்கான்:
அக்கா, எடை மாறினால் அதற்குத் தகுந்தபடி பிடிப்பதுதான் சுக்கான்காரன் வேலை. கரையை விட்டுக் கிளம்பியதுமே படகு ஒருபக்கம் இழுத்தது, எனக்குத் தெரிந்தது. நின்று சரிசெய்திருக்க வேண்டும். அடுத்த சீசனில் நீங்கள் இடது மூன்றுதான். வலது மூன்றுக்கு ஈடாக இடது நான்கில் எடையான ஆளைப் போடுகிறேன்.

அந்தக் கேரள அணியில் யாருடைய எண்ணாவது யாரிடமாவது இருக்கிறதா? அந்தப் பையனிடம் பேச வேண்டும்.