ஜெரிமாண்டரிங்குக்கு "தொகுதிவளைப்பு"ன்னு வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

கோவை ஐயா போன மடல்ல "புதுச்சொல் எதுக்கு, தொகுதி மறுவரையறைன்னுதான் பேப்பர்ல தினம் வருதே, அதையே போட்டுடலாமே"ன்னு கேட்டிருந்தாங்க. பதில் எழுத உக்காந்தா நீண்டுபோச்சு, பொறுத்துக்குங்க.

ஐயா, மறுவரையறைங்கிறது ஒரு வேலையோட பேரு. பத்து வருஷத்துக்கு ஒருக்கா சென்சஸ் முடிஞ்சதும் அமெரிக்காவுல ஹவுஸோட (நம்ம மக்களவை மாதிரி அங்க இருக்கிற பிரதிநிதிகள் சபை) 435 சீட்டையும் மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடுவாங்க, அப்புறம் அந்தந்த மாநிலம் தனக்குள்ள கோடு போட்டுக்கணும், 1964ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு மாநிலத்துக்குள்ள தொகுதிக்குத் தொகுதி மக்கள்தொகை சமமா இருக்கணும்னு சொன்னதுல இருந்து இதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. நம்மூர்ல இந்த வேலையை கமிஷன் செய்யுது, இலங்கையில எல்லை நிர்ணய ஆணைக்குழு. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல மாநிலச் சட்டமன்றமே செய்யுது, அதாவது அங்க மெஜாரிட்டி வச்சிருக்கிற கட்சி. அந்தக் கட்சி தனக்கு சீட்டு கூடுற மாதிரி கோட்டை இழுத்துக்கிட்டா அதுதான் ஜெரிமாண்டரிங். ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டோம்னா செய்தி படிக்கிறவருக்கு இதுல தப்பு எங்க இருக்குன்னே தெரியாது.

சரி, ஜெரிமாண்டரிங்னே எழுதிட்டுப் போகலாமேன்னு இன்னொருத்தர். அதுல ஒரு கூத்து இருக்கு. 1812ல மாசசூசட்ஸ் கவர்னரா இருந்தவர் எல்பிரிட்ஜ் கெரி, ஆமா "கெ"தான், "ஜெ" இல்ல. அவரு கையெழுத்துப் போட்ட மாநில செனட் தொகுதி வரைபடத்துல எசெக்ஸ் கவுண்டியில ஒரு தொகுதி பல்லி மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு, பாஸ்டன் பத்திரிகை ஒண்ணு அதுக்கு சிறகும் நகமும் வரைஞ்சு, சாலமாண்டர்ங்கிற பிராணியோட பேரையும் அவரு பேரையும் ஒட்டவச்சு கேலி பண்ணிடுச்சு. நாளாக ஆக கெ போயி ஜெ ஆயிடுச்சு. இப்ப நாம தமிழ்ல எழுதுறப்போ ஆளு பேருக்கு கெ, சொல்லுக்கு ஜெ போட்டு அதுக்கு ஒரு அடிக்குறிப்பும் போடணும். அந்தத் தேர்தல் என்ன ஆச்சுங்கிறதுதான் முக்கியம்: எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுக்கு மொத்த ஓட்டு அதிகம், ஆனா செனட்டுல 40க்கு 29 சீட்டு கெரி கட்சிக்கு. கெரி மட்டும் கவர்னர் பதவியில தோத்தாரு, ஏன்னா அது மாநிலம் பூரா சேர்ந்து போடுற ஓட்டு, அங்க கோடு இழுக்க வழியில்ல. அடுத்த வருஷமே துணை ஜனாதிபதி ஆயிட்டாருங்கிறது வேற கதை.

அந்தப் பல்லியினாலதான் நம்ம குழுவுல வந்த பாதி யோசனை உருவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கோணல் தொகுதி, உருத்திரிபு, ஒருத்தர் ஓணான்வரைவுன்னே போட்டிருந்தாரு (சிரிச்சேன், ஆனா வேணாம்). உருவத்தை வச்சு இந்தத் தப்பைப் பிடிக்கவே முடியாது, என் வாதமே இதுதான். பென்சில்வேனியாவுல 2011ல போட்ட 7வது தொகுதி கோணலோ கோணல், கார்ட்டூன்ல வர்ற கூஃபி, டொனால்ட் டக்கை உதைக்கிற மாதிரி இருக்குன்னு பேர் வாங்குச்சு, அது நிஜமாவே ஜெரிமாண்டர்தான், 2018ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு மொத்த வரைபடத்தையும் தூக்கிடுச்சு. ஆனா சிகாகோவுல இருந்த இல்லினாய்ஸ் 4வது தொகுதியும் காதுக்கு மாட்டுற குளிர்ப்பட்டை மாதிரி கோணலாத்தான் ரொம்ப காலம் இருந்துச்சு, அது ரெண்டு ஹிஸ்பானிக் பகுதியைச் சேத்து அவங்களுக்கு ஒரு பிரதிநிதி கிடைக்கணும்னு போட்டது. இன்னொரு பக்கம், இன்னிக்கு கம்ப்யூட்டர்ல வீதிவாரியா ஓட்டு விவரத்தை வச்சுக்கிட்டு பார்க்க லட்சணமா, கட்டம் கட்டமா ஒரு வரைபடம் போட்டே எதிராளியைக் காலி பண்ணிடலாம். கெரி ஊரான மாசசூசட்ஸையே எடுங்க, 9 சீட்டும் டெமாக்ரட், ஆனா அங்க ரிபப்ளிகன் ஆட்கள் மாநிலம் பூரா ஒரே சீரா பரவியிருக்கிறதால நேர்மையா கோடு போட்டாலும் அவங்களுக்கு ஒரு தொகுதி தேத்துறது கஷ்டம்.

உருவத்தை விட்டுட்டு வேலை எப்படி நடக்குதுன்னு பாருங்க. ரெண்டே உத்திதான். எதிர்க்கட்சிக்காரனை ஒரே தொகுதியில அள்ளி அடைச்சுடுறது, அவன் அங்க 80 சதவீதம் வாங்கி ஜெயிப்பான், 50க்கு மேல வாங்கினது பூரா வீண், பக்கத்துத் தொகுதிக்கு ஆள் இருக்காது. இது பேக்கிங். இல்லன்னா அவன் கூட்டமா இருக்கிற ஊரையே துண்டுபோட்டு நாலு தொகுதியில கரைச்சு விடுறது, எங்கயும் ஜெயிக்க மாட்டான். இது கிராக்கிங். 2022 தேர்தலுக்கு முன்னாடி டென்னசியில நாஷ்வில் நகரத்தை மூணாப் பிரிச்சாங்க, அங்க இருந்த டெமாக்ரட் எம்பி ஜிம் கூப்பர் இனிமே ஜெயிக்க வழியில்லன்னு போட்டியிடவே இல்ல. வட கரோலினாவுல 2016 வரைபடத்துல கறுப்பின மாணவர்கள் படிக்கிற ஒரு யுனிவர்சிட்டி வளாகத்துக்கு நடுவுலயே கோடு போச்சு, இந்த விடுதியில இருக்கிற புள்ளைக்கு ஒரு எம்பி, அந்த விடுதிக்கு வேற எம்பி!

கட்சிகள் இதை எவ்வளவு திட்டம் போட்டு செய்றாங்கன்னா, 2010ல ரிபப்ளிகன் தரப்பு ரெட்மேப்னு ஒரு திட்டமே வச்சிருந்தாங்க. வாஷிங்டனைப் பார்க்காம, யாரும் கண்டுக்காத மாநிலச் சட்டமன்ற சீட்டுகள்ல காசைக் கொட்டினாங்க, ஏன்னா அந்த வருஷம் ஜெயிக்கிறவன் கையிலதான் அடுத்த பத்து வருஷத்துக்கான பேனா இருக்கும். 2012ல பலன் தெரிஞ்சது: நாடு பூரா ஹவுஸ் ஓட்டு டெமாக்ரட்டுக்கு பத்து லட்சத்துக்கு மேல கூட, சீட்டு ரிபப்ளிகனுக்கு 234, டெமாக்ரட்டுக்கு 201. எல்லாமே கோட்டினாலன்னு சொல்லிட முடியாது, டெமாக்ரட் ஆட்கள் நகரங்கள்ல நெருக்கி அடிச்சு வாழ்றதும் காரணம். ஆனா பென்சில்வேனியாவுல ஓட்டு குறைச்சலா வாங்கி 18ல 13 எடுத்ததுக்கு கோடுதான் பெரிய காரணம்.

அதனால என் முன்மொழிவு: தொகுதிவளைப்பு. நிலத்தை வளைச்சுப் போட்டான்னு சொல்றோம், ஆளை வளைச்சுட்டான்னும் சொல்றோம், கோடு வளையுறதும் அதுலயே இருக்கு. வினையாவும் ஓடும்: டெக்சாஸ்ல அஞ்சு சீட்டை வளைக்கப் பார்த்தாங்க, வளைத்த தொகுதி, வளைப்பு வரைபடம். பேக்கிங்குக்கு அடைப்பு, கிராக்கிங்குக்கு உடைப்பு, கணக்குல வர்ற வேஸ்ட் ஓட்டுக்கு வீண்வாக்கு. உங்க கருத்தைச் சொல்லுங்க.

*

தம்பிக்கு வணக்கம்.

நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறீங்கள். ஆனால் எங்கட ஆக்களுக்கு வளைப்பு எண்டால் முதல்ல ஞாபகம் வாறது சுற்றிவளைப்பு. ஆமி வந்து ஊரைச் சுற்றி நிண்டு வீடு வீடாய்ச் சோதிக்கிறது. "தொகுதிவளைப்பு" எண்டு தலைப்பில கண்டால் அங்கயும் ஆமியை இறக்கிப்போட்டாங்களோ எண்டுதான் எங்கட அம்மா கேப்பா. பகிடி இல்லை, இது சரியான பாரமான சொல் எங்களுக்கு.

"எல்லைச்சூது" எண்டு வைச்சால் என்ன? எல்லை எண்ட சொல் எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம், சூது எண்டதில தந்திரமும் வந்திடும்.

யாழ்ப்பாணத்து அக்கா

*

நான் டெக்சாஸ்ல டல்லஸ் பக்கம் இருக்கேன். இங்க சிட்டிசன் ஆன நம்ம ஊர் பெரியவங்களுக்கு ஓட்டுச்சீட்டு எப்படிப் படிக்கிறதுன்னு தமிழ்ல சொல்லிக்குடுக்குற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன், அதனால எனக்கு இந்தச் சொல் நாளைக்கே வேணும்.

2025 ஆகஸ்ட்ல இங்க நடந்தது தெரிஞ்சிருக்கும். சென்சஸ் எதுவும் வரல, நடுவுலயே, ட்ரம்ப் கேட்டாருன்னு வரைபடத்தை மாத்தினாங்க. இங்க உள்ள 38 ஹவுஸ் சீட்டுல 25 ரிபப்ளிகன்கிட்ட இருந்துச்சு, 30 ஆக்கணும்னு கணக்கு. டெமாக்ரட் எம்எல்ஏக்கள் கோரம் (சபை நடத்தக் குறைஞ்சபட்சம் இருக்க வேண்டிய ஆள் கணக்கு) இல்லாம பண்றதுக்காக மாநிலத்தை விட்டே கெளம்பிட்டாங்க, நெறைய பேர் போனது இல்லினாய்ஸுக்கு, அங்க டெமாக்ரட் கட்சி போட்ட வரைபடத்துல 17க்கு 14 அவங்களுக்கு. கடைசியில டெக்சாஸ் சட்டம் நிறைவேறிடுச்சு, டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் 2026க்கு அந்த வரைபடத்தை வச்சுக்கலாம்னு விட்டுடுச்சு. மிசூரி மாநிலத்துல கன்சாஸ் சிட்டியை உடைச்சாங்க. வட கரோலினாவும் சேந்துக்கிச்சு.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, கலிஃபோர்னியா. டெக்சாஸுக்குப் பதிலடின்னு அறிவிச்சு, ப்ரொபசிஷன் 50ன்னு நவம்பர்ல மக்கள்கிட்ட ஓட்டுக்கே விட்டு, பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சு, டெமாக்ரட்டுக்கு அஞ்சு சீட்டு வரைக்கும் கூடுற மாதிரி மாத்திக்கிட்டாங்க. மக்களே ஓகே சொன்னதும் வளைப்பா? ரெண்டு, இதுல பேராசைப்பட்டு தன் ஆளுங்களை ரொம்ப மெல்லிசா பரப்பிட்டு, காத்து மாறினா எல்லாத்தையும் இழக்கிறதுக்கு இங்க டம்மிமாண்டர்னு சொல்றாங்க. டெக்சாஸ் கணக்கு பூரா 2024ல ட்ரம்ப் பக்கம் சாஞ்ச ஹிஸ்பானிக் ஓட்டு அப்படியே நிக்கும்ங்கிற நம்பிக்கையில போட்டது. அதுக்கும் ஒரு சொல் வேணும்.

*

அக்கா, நீங்க சொன்னது எனக்குத் தோணவே இல்ல, நல்லவேளை சொன்னீங்க. ஆனாலும் சூதுக்கு நான் போகமாட்டேன், சூழ்ச்சி, மோசடி இதுக்கும்தான், ஏன்னு சொல்றேன். 2016ல வட கரோலினா சட்டமன்றத்துல அந்த வரைபடத்துக்குப் பொறுப்பா இருந்த டேவிட் லூயிஸ் எழுந்து நின்னு, 10 ரிபப்ளிகன் 3 டெமாக்ரட்னு வர்ற மாதிரி வரையுறோம், ஏன்னா 11க்கு 2ன்னு வரைய முடியும்னு எனக்குத் தோணலன்னு பகிரங்கமா சொன்னாரு. அந்த வரைபடத்து மேல போட்ட வழக்குதான் 2019ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி, 5க்கு 4ன்னு, கட்சி ஆதாயத்துக்காக வரையுறதை ஃபெடரல் கோர்ட்டு விசாரிக்கவே முடியாதுன்னு தீர்ப்பாச்சு. டெமாக்ரட்டுக்காரங்க போட்ட மேரிலாந்து வரைபடமும் அதே தீர்ப்புல தப்பிச்சுது. இனம் பார்த்து வரைஞ்சாத்தான் ஃபெடரல் வழக்கு, கட்சி பார்த்து வரைஞ்சா கிடையாது, அதனால இப்ப டெக்சாஸ்காரங்களே "நாங்க கட்சிக்காகத்தான் செஞ்சோம்"னு கோர்ட்டுல வாதாடுறாங்க. பட்டப்பகல்ல, மைக் வச்சு, சட்டப்படி செய்யுறதை சூதுன்னா எப்படி ஒட்டும்? வளைச்சுப் போடுறது அப்படித்தான் நடக்கும், ஊரே பார்த்துக்கிட்டு இருக்கும்.

சுற்றிவளைப்பு குழப்பத்துக்கு ஒரு வழி: இலங்கை வாசகருக்கு எழுதுறப்போ "எல்லைவளைப்பு"ன்னு போடுங்க. நீங்க சொன்ன எல்லை வந்துடுச்சு, ஊரைச் சுத்துற அர்த்தமும் போயிடும். உண்மையைச் சொன்னா ரெண்டுல எல்லைவளைப்புதான் எனக்கே இப்ப பிடிச்சிருக்கு.

டல்லஸ் தம்பிக்கு: கலிஃபோர்னியாவும் வளைப்புதான், சந்தேகமே வேணாம். 2010ல இதே மக்கள் இதே மாதிரி ஓட்டுப் போட்டுத்தான் காங்கிரஸ் தொகுதி வரையுற வேலையை சட்டமன்றத்துகிட்ட இருந்து எடுத்து கமிஷன்கிட்ட குடுத்தாங்க, இப்ப 2030 வரைக்கும் அதை ஒதுக்கி வச்சிருக்காங்க. வேணும்னா பதில்வளைப்புன்னு சொல்லிக்குங்க, ஆனா நமக்குப் பிடிச்ச கட்சி செஞ்சா ஒரு சொல், பிடிக்காத கட்சி செஞ்சா ஒரு சொல்னு அகராதி போட முடியாது. வளைக்க மாட்டேன்னு சொன்னவங்களும் உண்டு, இந்தியானாவுல ட்ரம்ப் அவ்வளவு நெருக்கியும் டிசம்பர்ல மாநில செனட்டு புது வரைபடத்தை 31க்கு 19ன்னு தோக்கடிச்சுது, அங்க மெஜாரிட்டியே ரிபப்ளிகன்தான். டம்மிமாண்டருக்கு கவிழ்வளைப்பு. வளைச்சவனையே கவுத்துடும்.

*

எல்லைவளைப்பு ஏற்கலாம். சேர்த்தே எழுதுங்கள். கவிழ்வளைப்பு அருமை.

ஆனால் உடைப்பு வேண்டாம், ஏரி உடைப்பு நினைவுக்கு வரும். அடைப்புக்கு எதிரா "சிதறடிப்பு"ன்னு போட்டா என்ன? மிசூரி செய்தியில "கன்சாஸ் சிட்டி சிதறடிப்பு"ன்னு எழுதிப் பாருங்க, சரியா வந்தா அதையே வச்சுக்கலாம்.

கோவையிலிருந்து