கோஸோ தீவில் தோழி வீடு: பத்து நாள் சும்மா இருந்துவிட்டு வரலாமா?

கோத்தகிரிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் இப்போது மால்டாவில் நர்ஸ். மால்டா என்றால் பெரிய தீவில் இல்லை, அதை ஒட்டி கோஸோ என்று இன்னொரு குட்டித் தீவு, அங்கே. இரண்டு அறை வீடு, மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியுமாம். நாலு வருஷமாக ஒவ்வொரு போனிலும் "எப்ப வர்றே?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. மகன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான், பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துவிட்டது, அக்டோபரில் பத்து நாள் போகலாம் என்றிருக்கிறேன்.

விஷயத்தை வீட்டில் சொன்னதுதான் தப்பு. ஆளாளுக்குத் திட்டம் போடுகிறார்கள். இவ்வளவு செலவு பண்ணிப் போறீங்க, ஒரே விசாதானே, ரோம் பாரிஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்துட்டு வாங்க அண்ணி என்கிறார் கொழுந்தனார். எனக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் 67 சதுர கிலோமீட்டர் தீவில் பத்து நாள் என்ன செய்வீங்க என்று கேட்டால் பதில் இல்லை. நீச்சலும் தெரியாது. கடலை மொத்தம் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று ஸ்கூல் டூரில் போன கன்னியாகுமரி.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். பத்து நாள் அதிகமா? தோழி வீட்டில் தங்குகிறேன் என்றால் விசா தருவார்களா? அவளுக்கு என்ன எடுத்துப்போகலாம்?

சிம்ஸ்பார்க்:

பத்து நாள் அதிகமே இல்லைங்க. என் சிநேகிதன் அங்கே ஓட்டல் கிச்சனில் இருக்கிறான், போன அக்டோபரில் பன்னிரண்டு நாள் அவனோடு இருந்தேன், அதில் நாலு நாள் கோஸோவில்.

முதல் மூன்று நாள் நானும் கையில் ஒரு லிஸ்ட் வைத்துக்கொண்டு அலைந்தேன். வலேட்டா, இம்தீனா, அந்தக் கோட்டை, இந்தக் கோயில் என்று பாதி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தே போனது. ரயில் அங்கே கிடையாது, 1931லேயே மூடிவிட்டார்கள். நாலாவது நாள் காலில் கொப்புளம் வந்து எங்கேயும் போக முடியாமல் அவன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த நாள்தான் முழுசாக ஞாபகம் வருகிறது, கோட்டையெல்லாம் போட்டோவில்தான் இருக்கிறது.

தெருமுனையில் பஸ்திட்ஸி என்று ஒன்று விற்பார்கள், நம்ம பேக்கரி பஃப்ஸுக்குத் தம்பி மாதிரி, உள்ளே ரிக்கோட்டா சீஸ் இல்லை பட்டாணி மசியல் இருக்கும். கடித்தால் நம்ம ஊட்டி வர்க்கி பிஸ்கட் போலவே உதிர்ந்து சட்டையெல்லாம் பொடி. கூடவே பால் விட்ட டீ, அதுவும் கண்ணாடி கிளாஸில்! கப் அண்டு சாசர் எதிர்பார்த்துப் போன எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர்கள் அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். பேச்சில் பாதி "மேலா", "மேலா" என்றே காதில் விழும். நாம் "சரி", "அப்புறம்", "அதான்" என்று போடுகிற இடத்திலெல்லாம் அவர்களுக்கு அந்த ஒரு சொல்தான். அரபுக்கு உறவான மொழி, எழுதுவது மட்டும் ஆங்கில எழுத்து போல இருக்கும். இங்கிலீஷும் ஆட்சி மொழி என்பதால் பேச்சுக்குக் கஷ்டமில்லை.

அக்டோபரைப் பிடித்தது நல்ல யோசனை. ஜூலை, ஆகஸ்டில் போனால் வெயிலும் கூட்டமும் நம்ம மலைக்காரர்களுக்குத் தாங்காது. அக்டோபரில் கடல் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், எப்போதாவது ஒரு நாள் இடியோடு மழை கொட்டும், அது நமக்குப் பழகினதுதானே. கோத்தகிரியில் அதே சமயம் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை மட்டும் தேடாதீர்கள். நாடு மொத்தத்துக்கும் உயரமான இடமே 253 மீட்டர்தான், மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் அதைவிட உசரம்.

நீச்சல் தெரியாவிட்டால் பரவாயில்லை. பாறையில் ஏணி வைத்து இறங்குகிற இடங்கள் பக்கம் போகாதீர்கள், அங்கே இறங்கியதுமே ஆழம். கோஸோவில் ராம்லா என்று செம்மண் நிறத்தில் மணல் கிடக்கிற கரை இருக்கிறது, அலை இல்லாத நாளாகப் பார்த்து முழங்கால் தண்ணீரில் நில்லுங்கள். பெரிய தீவில் மெல்லீஹா கடற்கரையில் ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. சும்மா உட்காரக் கடலோரமே வேண்டும் என்றால் மார்ஸஷ்லொக் படகுத்துறை போங்கள், மஞ்சளும் நீலமுமாகப் பெயின்ட் அடித்த மீன்பிடிப் படகுகளின் மூக்கில் ஆளுக்கு இரண்டு கண் வைத்திருப்பார்கள், எல்லாம் திருஷ்டிக்குத்தான். சில சர்ச்சுகளில் இரண்டு கடிகாரம் இருக்கும், ஒன்று தப்பான நேரம் காட்டும். பூசைக்கு எத்தனை மணி என்று சாத்தானுக்குத் தெரியக்கூடாதாம். நான் தப்பானதைப் பார்த்து ஒரு பஸ்ஸை விட்டேன்.

வில்பட்டிக்காரன்:

அக்கா, விசா பற்றி நான் சொல்கிறேன், பட்டு அறிந்தவன்.

மச்சானைப் பார்க்கத்தான் நானும் போனேன். கீழே ஒரு ஏஜென்ட், பெயர் வேண்டாம், நண்பர் வீடு என்று எழுதினால் சந்தேகப்படுவார்கள் தம்பி என்று சொல்லி எனக்குத் தெரியாமலேயே ஓட்டல் புக்கிங் போட்டு அனுப்பிவிட்டார். பேப்பர் கைக்குப் போனதும் அதை கேன்சலும் செய்துவிட்டார் போல. விண்ணப்பம் நிராகரிப்பு. கட்டணம் 90 யூரோ, திரும்பாது. இரண்டாம் தடவை நானே உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். மச்சானின் அழைப்புக் கடிதம், அவன் அங்கே குடியிருக்கும் அட்டையின் நகல், வாடகை ஒப்பந்தம், என் பேங்க் ஸ்டேட்மென்ட், தோட்டத்துப் பட்டா. கிடைத்துவிட்டது. அதனால் தோழி வீடு என்றே தைரியமாக எழுதுங்கள்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், கிளம்புவதற்கு 15 நாளுக்குள் போய் நின்றால் முடியாது. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம், கொழுந்தனார் பேச்சைக் கேட்டு பாரிஸில் ஆறு நாள் என்று எழுதினால் கதையே மாறிவிடும்.

இன்னொன்று, விசாவுக்குக் கைரேகை எடுப்பார்கள். சொந்தத் தோட்டத்தில் நீங்களே கொழுந்து கிள்ளுவீர்கள் என்றால் ரேஷன் கடை மெஷினில் விரல் விழாத கதை தெரியும்தானே. நான் பூண்டு உரித்த கையோடு போய் நின்று, ரேகை எடுக்கிற பெண் டிஷ்யூவால் துடைத்துத் துடைத்து நாலாவது தடவைதான் பதிந்தது. ஒரு வாரம் தோட்டத்துக்கு லீவு விட்டு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

கொண்டுபோகும் சாமானில் கறி, பால், நெய், பால்கோவா எதுவும் கூடாது, ஐரோப்பா முழுக்க அதே சட்டம். பச்சைக் காய், பழம், கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள், பேரிக்காயும் பிளம்ஸும் மறந்துவிடுங்கள். ஆனால் வாழைப்பழத்துக்கு விலக்கு உண்டு! நான் விருப்பாச்சி மலை வாழை ஒரு சீப்பு கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் தோல் கறுத்துச் சுருங்கிவிட்டது, மச்சான் குப்பையில் போடப் பார்த்தான், ஒன்றை உரித்துக் கையில் கொடுத்தேன், மிச்சத்தை நின்ற இடத்திலேயே முடித்துவிட்டான். பூண்டு என்றால் ஊறுகாயாகப் போட்டுக் கொண்டுபோங்கள்.

கூடலூர் மழை:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். தோழி நர்ஸ், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இருக்கும், பத்து நாளும் லீவு கிடைக்காது. நைட் முடித்து வந்து தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டு ஹாலில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்கும் கஷ்டம், அவளுக்கும் கஷ்டம். வலேட்டாவிலிருந்து சிசிலிக்கு வேகக் கப்பல் இருக்கிறது, பொஸ்ஸால்லோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும், அதே விசா போதும். அவள் டியூட்டி நாட்களில் ஒரு ராத்திரி அங்கே தங்கிவிட்டு வாருங்கள். கொழுந்தனாருக்கும் இத்தாலி போன கணக்கு ஆச்சு.

சிம்ஸ்பார்க்:

சிசிலி யோசனை தப்பில்லை, ஆனால் விக்டோரியாவிலேயே அந்த நாட்களைக் கழிக்கலாம். கோஸோவின் தலைநகர் அதுதான், 1887இல் ராணி பெயரை வைத்தார்கள், ஊர்க்காரர்கள் இன்னும் ரபாத் என்றுதான் சொல்கிறார்கள், நம்ம உதகமண்டலம் ஊட்டி கதைதான். காலையில் பஸ் ஏறிப் போய், கடைகளெல்லாம் மத்தியானம் சாத்துவதற்குள் காய் வாங்கி வந்து, அவள் எழுந்திருக்கும்போது ரசமும் சாதமும் தயாராக இருந்தால் அவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? நான் சிநேகிதன் வீட்டில் அதைத்தான் செய்தேன். வாடகையில் பங்கு தருகிறேன் என்றால் சண்டைக்கு வருவார்கள், அரிசி பருப்பு காய் நாம் வாங்கிவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சொல்ல மறந்தேன், மால்டாவிலிருந்து கோஸோவுக்குக் கார் ஏற்றுகிற பெரிய கப்பல், 25 நிமிஷம். போகும்போது யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், திரும்பும்போதுதான் மொத்தமாக வாங்குவார்கள். நான் டிக்கெட் கவுன்டரைத் தேடி அலைந்து ஒரு கப்பலை விட்டேன்.

கோத்தகிரிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அவளுக்கு போன் போட்டேன். கூடலூர்க்காரர் சொன்னது சரிதான், பத்து நாளில் நாலு நாள்தான் அவளுக்கு லீவு. அந்த மத்த ஆறு நாளுக்கு நான் சமைக்கிறேன் என்றதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "அவரை உதக்கா", அதான் எங்கள் ஊர் அவரைக்கொட்டைக் குழம்பு, செய்வாயா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அவள் சாப்பிட்டுக் கிடந்த காலத்தை நினைத்திருப்பாள். காய்ந்த அவரைக்கொட்டைக்குச் சான்றிதழ் வேண்டுமா, வில்பட்டித் தம்பி? வேண்டுமென்றால் விட்டுவிடுகிறேன், மசாலாப் பொடி மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வர்க்கி இரண்டு கிலோ, டீத்தூள் ஒரு கிலோ கேட்டிருக்கிறாள். சிசிலி இப்போதைக்கு இல்லை. கொழுந்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை.

வில்பட்டிக்காரன்:

பொடி போதும் அக்கா, கொட்டை விதைக் கணக்கில் வந்துவிடும், வம்பு வேண்டாம். அங்கேயே கடையில் பீன்ஸ் வகை ஏதாவது கிடைக்கும். வர்க்கியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட்டால் போய்ச் சேரும்போது ரவைதான்.