கடல்மட்ட உயர்வு, வெள்ளம்: நாகைக் கடைமடை ஊர்களின் பாதிப்பை மதிப்பிடுவது எப்படி?

கடைமடையான்:
நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஒன்பது ஊராட்சிகள். கடல்மட்டம் உயர்ந்தால் எந்தக் குடியிருப்பு முதலில் அடிபடும் என்று பார்க்கணும். கையில் எஸ்ஆர்டிஎம் (விண்கலத்திலிருந்து எடுத்த) உயரத் தரவும் 2011 சென்சஸ் பட்டியலும் இருக்கு. 1 மீட்டருக்குக் கீழே இருப்பதை நீலமாக்கி மக்கள்தொகையை அதன்மேல் பொருத்தினால் போதுமா? நாலு பேர், மூணு மாசம், ஒரு ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி).

மட்டக்கோல்:
போதாது. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் ரேடாரால் எடுத்தது. சவுக்குத் தோப்பின் உச்சியும் வீட்டுக் கூரையும் அதில் தரையாகப் பதிவாகியிருக்கும். பிழை சில மீட்டர், நீங்கள் தேடுவதோ அரை மீட்டர். மரம், கட்டடம் கழித்த ஃபேப்டெம் உயரத் தரவு தேவலை. அதையும் எங்கே போய் அளப்பது என்று முடிவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வே ஆஃப் இந்தியா பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் குறித்துவைத்த நிலைப்புள்ளி) மட்டம் இழுத்து, ஒவ்வொரு குடியிருப்பிலும் சாலை, பள்ளித் திண்ணை, ஆகத் தாழ்ந்த வீட்டு வாசல், வடிகாலின் அடிமட்டம் எடுங்கள். கிளம்பிய புள்ளியிலேயே வந்து மூடணும். 4 கி.மீ. சுற்றுக்கு 5 செ.மீ. வரை பிழையை ஏற்கலாம், மீறினால் மறுபடி இழுக்க வேண்டியதுதான். டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ் கருவி) வாடகைக்கு எடுத்தால் ஜியாய்டு திருத்தத்தை (ஜிபிஎஸ் தரும் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்றுவது) மறக்காதீர்கள். அது இல்லாமல் நாகைக் கரையில் உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும்.

அப்புறம் அந்த நீலப் பூச்சு. நடுவே மணல்மேடு நின்றால் கடல் நேரே உள்ளே வராது. இந்தப் பக்கம் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஊருக்குப் பின்னால்தான் ஏறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே கடல்மட்டமே ஆண்டுச் சராசரியைவிடக் கூடுதல். அதோடு அமாவாசை, பௌர்ணமி ஓதம் (கடல் ஏற்றம்) சேர்ந்தால் வெள்ளையாறும் அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் வடியாமல் நிற்கும். அதனால் உயர்வை சராசரி மட்டத்தின்மேல் கூட்டாமல் நவம்பர் மாத உயர் ஓதத்தின்மேல் கூட்டுங்கள். ஓத அட்டவணை சார்ட் டேட்டத்தில் (கடல் வரைபடத்தின் தாழ்ந்த நீர்மட்டக் குறி) இருக்கும், எம்எஸ்எல்லுக்கு (சராசரி கடல்மட்டம்) மாற்றிக்கொள்ளணும். ஐபிசிசி (ஐ.நா. காலநிலைக் குழு) ஆறாம் அறிக்கை 2100-க்குத் தரும் கடல்மட்ட உயர்வு வரம்பு, உமிழ்வு மிகக் குறைந்தால் 0.28–0.55 மீ., மிக அதிகமானால் 0.63–1.01 மீ. எனவே 0.5, 1.0 இரண்டையும் போட்டுப் பார்த்தால் போதும்.

கணக்கெடுப்பு:
உயரம் பாதி வேலைதான். சென்சஸ் வருவாய்க் கிராமத்தை ஒரே அலகாகத் தரும். மீனவர் தெரு, உப்பளத் தொழிலாளர் குடிசைகள், வயலோரக் காலனி மூன்றும் ஒரே சராசரியில் கரைந்துவிடும். மீனவர் ஊர்களுக்கு சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்) எடுத்த கடல் மீன்வளக் கணக்கெடுப்பில் ஊர்வாரியாகக் கிடைக்கும். மற்ற இடங்களில் வீடு வீடாகப் போகணும்: குடியிருப்புக்கு 30 வீடு, அதற்கும் குறைவாக இருந்தால் எல்லா வீடும்.

கேட்க வேண்டியது: சாலையிலிருந்து வீட்டுத்தளம் எத்தனை செ.மீ. உயரம், சென்ற மழையில் சுவரில் கறை எதுவரை, எத்தனை நாளில் வடிந்தது, பட்டா உண்டா, குடிநீர் எங்கிருந்து, படகும் வலையும் எங்கே கிடக்கின்றன, தனியாக நடக்க முடியாதவர் எத்தனை பேர். கறையை டேப்பில் அளந்து லெவலோடு இணைத்துவிடுங்கள். குடிநீர்க் கேள்வியைப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் 'பைப் வருது' என்று முடித்துவிடுவார்கள், எந்த மாதம் உப்பு கரிக்கிறது என்று தண்ணீர் பிடிப்பவருக்குத்தான் தெரியும்.

மதிப்பெண் போடுவதில்தான் பலரும் சறுக்குவது. ஆகக் குறைந்ததை 0, ஆக அதிகத்தை 1 என்று வைத்து எல்லாவற்றையும் 0–1-க்குள் அடக்குவார்கள். ஒரே ஊரில் 14 நாள் தேங்கி, மற்றவற்றில் 2 முதல் 4 நாள் என்றால் 4 நாள் ஊருக்கு 0.17தான் கிடைக்கும், படத்தில் பச்சையாகிவிடும். நாலு நாள் அடுப்பு எரியாத வீடு எப்படிப் பச்சை? முன்கூட்டியே வகுப்பு பிரியுங்கள்: 1 நாள் வரை, 2–3, 4–7, அதற்கு மேல்.

கடைமடையான்:
நன்றி. இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) வெளியிட்ட கடலோரப் பாதிப்புக் குறியீட்டை இதோடு கூட்டி ஒரே எண்ணாக்கலாமா?

கணக்கெடுப்பு:
வேண்டாம். அதன் ஏழு அளவீடுகளும் கரை அரிப்பு, சரிவு, அலை உயரம் மாதிரி இயற்கை சார்ந்தவை. மனிதர் கணக்கே அதில் கிடையாது. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கூட்டிவிட்டால் அலையால் வந்த சிவப்பா, பட்டா இல்லாததால் வந்த சிவப்பா என்று ஊராட்சித் தலைவருக்குச் சொல்ல முடியாது.

ஷட்டர்:
ஒன்று விட்டுப்போச்சு. கடைசி ரெகுலேட்டரின் (ஆற்று மதகு) லஸ்கரிடம் (மதகைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்) பேசுங்க. எந்த ஷட்டர் துருப்பிடிச்சு ஏறாது, எந்த ஓதத்தில் அடைக்கிறாங்க, முகத்துவார மணலை எப்ப வெட்டிவிடறாங்க, எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படியே புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போற சாலையின் ஆகத் தாழ்ந்த இடத்தையும் லெவல் பாருங்க. மையம் மேட்டில் இருந்து, சாலை முழங்கால் தண்ணியில் கிடந்தா அந்த ஊருக்கு 'பாதுகாப்பு மையம் உண்டு'ன்னு மதிப்பெண் போடக் கூடாது.